என் லேப்டாப்பில் ஓடிய திரெட், அவர்கள் சர்வரில் லிங்க்கே ஆகவில்லை

"அண்ணா, உங்க லைப்ரரி வச்சு இங்க எதுவுமே பில்ட் ஆகல." வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாடிக்கையாளர் பக்கத்துத் தம்பி ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்: பிதிரெட்_கிரியேட், அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ். அதாவது, புதுத் திரெட்டை (ஒரே ப்ரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலையை) தொடங்கும் ஃபங்ஷன் எங்கே இருக்கிறது என்று லிங்க்கருக்குக் கிடைக்கவில்லை. என்னிடம் அதே சோர்ஸ் ஒரு வார்னிங்கூட இல்லாமல் பில்ட் ஆகிறது. கம்பைலரை மாற்றிப் பாருங்கள் என்று சொல்லி அவருடைய இரண்டு மணி நேரத்தை வீணாக்கிவிட்டேன். இன்னும் உறுத்துகிறது.

கோளாறு கம்பைலரில் இல்லை, லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்ஸியில். 2021 ஆகஸ்டில் வந்த 2.34-இல், அதுவரை தனி ஃபைலாக இருந்த பிதிரெட் என்ற திரெட் லைப்ரரியை அதன் முக்கிய ஃபைலான லிப்ஸிக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். என் உபுண்டு 22.04-இல் இருப்பது 2.35; திரெட் ஃபிளாக் தராவிட்டாலும் லிங்க் ஆகிவிடும். அவருடைய 20.04-இல் 2.31. ஃபிளாக் விட்டுப்போனதை என் மெஷின் காட்டிக்கொடுக்கவே இல்லை.

அவசரத்தில், பிதிரெட்டை இணைக்கச் சொல்லும் '-எல்பிதிரெட்' ஃபிளாக்கைக் கையால் எழுதினேன். சர்வர் சரியானது, ஆண்ட்ராய்டு பில்ட் விழுந்தது. அங்கே சி லைப்ரரியான பயோனிக்கில் பிதிரெட்டுக்குத் தனி ஃபைலே கிடையாது. தயவுசெய்து இந்த ஃபிளாக்கைக் கையால் எழுதாதீர்கள். பில்ட் கருவியான சிமேக்கில் ஃபைண்ட்_பேக்கேஜ் கொண்டு திரெட்ஸைத் தேடி, திரெட்ஸ்::திரெட்ஸ் டார்கெட்டை இணையுங்கள். எந்தத் தளத்துக்கு எது வேண்டுமோ அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஆனால் இன்ஸ்டால் செய்த லைப்ரரியை வேறு ப்ராஜெக்ட்டில் எடுத்தபோது, அந்த டார்கெட்டைக் காணோம் என்று நின்றது. லைப்ரரியோடு இன்ஸ்டால் ஆகும் சிமேக் கான்ஃபிக் ஃபைலில் ஃபைண்ட்_டிபெண்டன்ஸி(திரெட்ஸ்) என்ற ஒற்றை வரி இல்லை. அதைக் கண்டுபிடிக்க அரை நாள் போனது.

மேக்ஓஎஸ்-இல் முதல் முயற்சியிலேயே முடிந்தது.

என்னை உண்மையில் வாட்டியது அல்பைன் லினக்ஸ். பில்ட் சுத்தம், ஓடவிட்டால் செக்மென்டேஷன் ஃபால்ட். ஒவ்வொரு கோர் டம்ப்பிலும் (கிராஷ் ஆன நொடியின் மெமரிப் பதிவிலும்) அதே ஃபங்ஷனின் வாசல். உள்ளே 256 கேபி பஃபர், லோக்கல் வேரியபிளாக! அல்பைனின் சி லைப்ரரியான மஸலில் புதுத் திரெட்டுக்குக் கிடைக்கும் ஸ்டாக் (லோக்கல் வேரியபிள்கள் இருக்கும் மெமரி) வழக்கமாக 128 கேபிதான். ஜிலிப்ஸியில் வழக்கமாக 8 எம்பி. பஃபரை ஸ்டாக்குக்கு வெளியே மெமரி தரும் மல்லாக்குக்கு மாற்றியதும் கிராஷ் நின்றது. லிங்க் ஆகிவிட்டது என்று நிம்மதியடையாமல், டெஸ்ட்டையும் அங்கேயே ஓட்டிப் பாருங்கள்.

திங்கள் காலை தம்பியிடமிருந்து "ஆயிடுச்சுண்ணா" வந்தது. அன்றே, ஒவ்வொரு கமிட்டையும் தானாகப் பில்ட் செய்து பார்க்கும் சிஐயில் 20.04, அல்பைன் இரண்டுக்கும் கன்டெய்னர் போட்டேன். சரிபார்க்க திரெட்ஸ் வரியை வேண்டுமென்றே நீக்கி கமிட் செய்தேன். 20.04 உடனே சிவப்பானது.