பரோடாவின் புத்தகப் பெட்டி சுங்கை சிப்புட்டுக்கும் வரலாம்

பரோடா சமஸ்தானத்து (இன்றைய குஜராத்தில் உள்ளது) மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் என்றதும் நம்மவர்களுக்கு அம்பேத்கர்தான் நினைவுக்கு வருவார். 1913-இல் அவரைக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய உதவித்தொகை இந்த மன்னர் கொடுத்தது. ஆனால் மலேசிய ரப்பர் தோட்டப்புறத்தில் வேர் உள்ளவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த மன்னருடைய நூலக ஏற்பாட்டை.

கவ்லானா கிராமத்துப் பையனாக இருந்தவர், 1875-இல் தத்தெடுக்கப்பட்டு அரியணை ஏறினார். 1881-இல் முழு அதிகாரம் கைக்கு வரும்வரை ஆட்சியை நடத்திய திவான் டி. மாதவராவ், நம் கும்பகோணத்தில் பிறந்தவர்.

கட்டாயத் தொடக்கக் கல்வியை 1893-இல் அம்ரேலி வட்டாரத்தில் மட்டும் சோதித்துப் பார்த்து, 1906-இல்தான் சமஸ்தானம் முழுவதற்கும் சட்டமாக்கினார். பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு அபராதம். ஆனாலும் ஓர் ஓட்டை இருந்தது: பள்ளியை விட்டு வீட்டுக்குப் போன பிள்ளைக்கு வாசிக்க எதுவும் இல்லையென்றால் கற்ற எழுத்து சில வருடங்களில் மறந்துபோகும். அதை அடைக்கத்தான் 1910-இல் வில்லியம் போர்டன் என்ற அமெரிக்க நூலகரை வரவழைத்தார். ஊரார் ஒரு பங்கு திரட்டினால் பஞ்சாயத்து ஒரு பங்கு, அரசு ஒரு பங்கு. நூலகம் இல்லாத ஊருக்கு மரப்பெட்டியில் புத்தகங்கள் போகும். போக வர ஆகும் செலவு அரசுடையது. ஊரார் பணமும் அதில் இருந்ததுதான் இந்த ஏற்பாட்டின் உயிர் என்பேன். தன் காசு போட்டவன் புத்தகத்தைத் தேடி வருவான்.

மலாயாவில் 1923 தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. பல இடங்களில் கங்காணியோ (மேற்பார்வையாளர்) கிராணியோதான் (தோட்டத்து எழுத்தர்) வாத்தியார். பள்ளியை விட்டபின் என்ன வாசிப்பது என்று எந்தத் துரையும் கேட்கவில்லை.

பங்கு போடுவது நமக்குப் புதிதில்லை. மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் நம் சுங்கை சிப்புட். அவர் 1960-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில், ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் மாதம் 10 வெள்ளி (டாலர்) கட்டித் தோட்டத்துக்கே பங்குதாரர் ஆனார்கள். புத்தகத்துக்கும் அதே வழி போதும்.

கோயில் மண்டபத்திலோ தாமான் (குடியிருப்புப் பகுதி) பொது மண்டபத்திலோ 25 புத்தகம் கொண்ட ஒரு பெட்டி வைக்கலாம். பாதி சிறுவர் நூல், மீதியில் கதையும் வரலாறும் கலந்து இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடுத்த தாமான் பெட்டியோடு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாவிட்டால் இரண்டாவது மாதமே யாரும் திறக்க மாட்டார்கள். நூல் பட்டியலை மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். சாவி இருவரிடம் இருக்கட்டும். ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவர் ஊருக்குப் போன வாரம் பெட்டி பூட்டியே கிடக்கும். நம் ஊர்ப் புழுக்கத்துக்குத் தாளில் பூஞ்சணம் பிடிக்கும், கறையான் வேறு. பெட்டியைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் தூக்கி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.