கட்டிலடியில் கிடக்கும் செதில்

தோல் படைபடையாகத் தடித்துச் செதில் உதிரும் நோய் சொரியாசிஸ். செட்டிநாட்டு வீட்டில் ஒருவருக்கு அது எந்த அளவில் இருக்கிறது என்பதை ஆத்தங்குடி டைல்ஸ் காட்டிக்கொடுத்துவிடும். கருஞ்சிவப்பிலும் பச்சையிலும் பூப்போட்ட தரையில், கட்டில் ஓரமாக, விடியற்காலையில் செதில் வெள்ளை வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கும். பகலில் உதிர்வது சட்டையோடும் காற்றோடும் போய்விடுகிறது. கட்டிலடியில் கிடப்பது இரவு முழுக்கச் சொறிந்ததன் கணக்கு. அந்தக் கணக்கு நோயாளிக்கே தெரியாது, பெருக்குகிறவருக்குத்தான் தெரியும். "முன்னெல்லாம் ஒரு கை அள்ளுவேங்கய்யா, இப்ப முறம் நிறைய வருது" என்று மனைவி சொல்லும்போது கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தோல் புறநோயாளிப் பிரிவில் இந்த நோயோடு வரும் ஆண்களிடம் நாம் வழக்கமாகக் கேட்பவை: எத்தனை வருடமாக, குடும்பத்தில் யாருக்காவது உண்டா, தொண்டைவலி வந்ததா, குடி, புகை, வேறு மாத்திரை. எல்லாமே தேவையான கேள்விகள்தான். ஆனால் அனேகமாக எல்லாம் பகலைப் பற்றியவை. எத்தனை மணிக்குப் படுக்கிறார், இடையில் எத்தனை முறை விழிக்கிறார், குறட்டை உண்டா, விழிக்கும்போது அரிப்பா மூட்டுவலியா மூத்திரமா என்று கேட்டு எழுதிய சீட்டு அபூர்வம். மூன்று களிம்பு மாற்றியும் அடங்காத படையோடு வருகிறவரிடம் நான்காவது களிம்பை எழுதுவதற்கு முன் இந்த இரவுக் கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் இந்த வேலை கற்றுத்தரும் முதல் பாடம்.

காரணம் தோலிலேயே இருக்கிறது. சாதாரணத் தோலின் மேல்செல் அடியிலிருந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய 28 நாள் ஆகும். சொரியாசிஸ் படையில் அது மூன்று முதல் ஐந்து நாளில் முடிந்துவிடுகிறது. முதிராத செல்கள் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு செதிலாகின்றன. இதை முடுக்கிவிடுபவை டி.என்.எஃப், இன்டர்லூக்கின் 17, 23 போன்ற அழற்சிப் பொருள்கள். உடம்பே சுரக்கும் கார்டிசால் அழற்சியைக் கட்டிவைக்கிற ஹார்மோன். அது காலையில் விழித்த அரைமணி முக்கால்மணி நேரத்தில் உச்சத்தில் இருக்கும், நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அதே நேரத்தில் தோலின் சூடு ஏறுகிறது, தோல் வழியாக ஈரம் கூடுதலாக வெளியேறுகிறது. "ராத்திரியானாத்தான் பிடுங்குது" என்று நோயாளி சொல்வது மனப்பிரமை அல்ல. தூக்கம் கெட்டால் மறுநாள் டி.என்.எஃப், இன்டர்லூக்கின் 6 போன்றவை ரத்தத்தில் கூடலாம். ஆக அரிப்பால் தூக்கம் போகிறது, தூக்கம் போனதால் அழற்சி ஏறுகிறது. எது முதலில் என்று நோயாளியிடம் வாதிடுவதில் பயனில்லை. எந்தப் பக்கம் அறுக்க எளிதோ அந்தப் பக்கம் அறுப்பதே காரியம்.

இந்தப் பக்கத்து ஆண்களின் இரவு ஒரே மாதிரி இருப்பதில்லை. புதுவயல் ரைஸ்மில்லில் நெல் அவிக்கிறவர் இரவு ஷிப்டில் நீராவிச் சூட்டில் நிற்கிறார். சென்னைக்கு ஆம்னி பஸ் ஓட்டுகிறவர் ஒருநாள் விட்டு ஒருநாள் பகலில் தூங்குகிறார். ஆளில்லாத பெரிய வீட்டுக்குக் காவல் இருக்கும் வாட்ச்மேனுக்கு அரைத் தூக்கமே தூக்கம். கல்யாணச் சமையல் மாஸ்டரின் பாடு இன்னும் மோசம். காலைப் பலகாரத்துக்கு இரவு இரண்டு மணிக்கே அடுப்புப் பற்றவைத்தாக வேண்டும், முகூர்த்த மாதம் முழுக்க இதே கதைதான். இவர்கள் எல்லோரும் தூக்கம் வரவில்லை என்று சொல்லமாட்டார்கள். "தூங்குறதெல்லாம் தூங்குறேனுங்க" என்பார்கள். மணிக்கணக்கு கேட்டால்தான் நான்கு, நாலரை என்று வெளியே வரும். வேலையை விடச் சொல்வது நமக்கு எளிது, அவர்களால் முடியாது. ஆனால் ஷிப்ட் மாறினாலும் மாறாமல் ஒரு நான்கு மணி நேரத்தைத் தூக்கத்துக்கென்றே தினமும் ஒதுக்கச் சொல்லலாம், மீதியைக் கிடைத்த நேரத்தில் சேர்த்துக்கொள்ளலாம். சன்னலுக்குக் கறுப்புத் துணி, மேலே ஒரு ஃபேன், படுக்குமுன் வெந்நீர் அல்லாத சாதா நீரில் குளியல், துடைத்த மூன்று நிமிடத்துக்குள் வெள்ளை வாசலினோ தேங்காயெண்ணெயோ. களிம்பையும் அவர் படுக்கும் நேரத்துக்குத்தான் வைக்க வேண்டும். 'இரவு' என்று சீட்டில் எழுதினால் ரைஸ்மில்காரர் வேலைக்குக் கிளம்பும்போது பூசிக்கொண்டு, வியர்வையில் கரைத்துவிடுகிறார்.

களிம்பு அளவிலும் ஒரு தப்பு நடக்கிறது. ஆள்காட்டி விரலின் நுனிக் கணுவளவு பிதுக்கினால் அரை கிராம். அது விரல்களும் சேர்ந்த இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குத்தான் காணும். உடம்பில் பத்து உள்ளங்கை அளவு படை இருந்தால் ஒருவேளைக்கு இரண்டரை கிராம், தினம் ஒருவேளை பூசினால் இரண்டு வாரத்துக்கு 35 கிராம். 15 கிராம் டியூபை ஒரு மாதம் ஓட்டிவிட்டு "மருந்து கேக்கலை" என்று வருகிறவர்கள்தான் அதிகம். பிறகு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரை, ஊசி. அவற்றில் டெக்ஸாமெத்தசோனோ பீட்டாமெத்தசோனோ போன்ற ஸ்டீராய்டு இருந்தால் பத்து நாள் பிரமாதமாக இருக்கும். நிறுத்தியதும் சீழ்க்கொப்புளமாகவோ உடம்பு முழுக்கச் சிவந்தோ திரும்பி வரும். வெளியிலிருந்து கொடுக்கும் ஸ்டீராய்டு உடம்பின் சொந்தக் கார்டிசால் சுரப்பை அமுக்கிவிடுகிறது. இதுவும் ஒரு ஹார்மோன் கோளாறுதான், நாமே வரவழைத்தது.

குறட்டைக்கு வருவோம். சொரியாசிஸ் உள்ளவர்களிடம் தூக்கத்தில் மூச்சடைப்பு மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. பருமன் இரண்டுக்கும் பொது. கண்டுபிடிக்க முதலில் தேவைப்படுவது ஒரு தையல்காரர் டேப்தான். குரல்வளை மேட்டுக்குக் கீழே கழுத்தைச் சுற்றி அளந்தால் 40 சென்டிமீட்டரைத் தாண்டுகிறதா, தொப்புள் மட்டத்தில் இடுப்பு 90-ஐத் தாண்டுகிறதா என்று பார்ப்பது. 'ஸ்டாப்-பேங்' என்ற எட்டுக் கேள்விப் பட்டியலில் மூன்றுக்கு 'ஆம்' வந்தாலே மேற்கொண்டு பார்க்க வேண்டும். அதில் ஒரு கேள்வி 'ஆணா?' என்பது. ஆகவே நம் நோயாளி உள்ளே நுழையும்போதே ஒரு மார்க்கோடுதான் வருகிறார். தூக்கத்தில் மூச்சு நின்று, திணறி, 'கொர்' என்று மீள்வதை அவர் அறியமாட்டார். பக்கத்தில் படுப்பவரைத்தான் கேட்க வேண்டும். தனியாக முற்றத்தில் படுப்பவராக இருந்தால், பேரன் போனில் ஒரு ராத்திரி ஒலிப்பதிவு செய்தால் போதும்.

இதைக் கேட்காமல் விடுவதால் வரும் கெடுதல் உண்டு. அரிப்புக்கென்று தூக்கம் வரவழைக்கும் ஹைட்ராக்சிசின் மாத்திரை கைப்பழக்கமாக எழுதப்படுகிறது. அது தடுப்பது ஹிஸ்டமின் என்ற பொருளை. சொரியாசிஸ் அரிப்பில் ஹிஸ்டமினின் பங்கு குறைவு, அதனால் மாத்திரையின் பலனும் மட்டு. மூச்சடைப்பு உள்ளவருக்குத் தூக்கமருந்து தொண்டையை இன்னும் தளர்த்தும். ஓட்டுநருக்கோ மறுநாள் காலையில் ஸ்டியரிங் முன்னால் கண் சொக்கும். 'தூக்கத்துக்காக' ஒரு குவார்ட்டர் போடுகிறவர் கதையும் இதேதான், கூடவே படையும் ஏறும், சொரியாசிஸுக்கு வாரம் ஒருமுறை கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் எழுத நினைத்தால் கல்லீரல் இடம் கொடுக்காது.

விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு முதுகுவலியில் விழித்து, நடந்தால் தேவலாம் என்பவர் தனி வகை. காலையில் விரல் மடக்க அரைமணிக்கு மேல் ஆகிறதா, நகத்தில் ஊசி குத்தியதுபோல் குழிகள் உண்டா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அது மூட்டில் இறங்கிய சொரியாசிஸாக இருக்கலாம். அவருக்குத் தூக்க ஆலோசனை சொல்லிக்கொண்டிருப்பது காலத்தை வீணாக்குவது.

ஆண் ஹார்மோன் விஷயத்தில்தான் நிதானம் தேவை. ஸ்வீடன் நாட்டுப் பதிவேட்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்தபோது நோயின் தீவிரத்தைக் குறிக்கும் பாசி அளவு பெண்களில் 5.4, ஆண்களில் 7.3 என்று வந்தது. கர்ப்ப காலத்தில் பல பெண்களுக்குப் படை தணிகிறது. ஆகவே பாலியல் ஹார்மோன்களுக்கு ஏதோ பங்கு உண்டு. சொரியாசிஸ் உள்ள ஆண்களில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டெரோன் குறைவாக இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அந்தக் குறைவு நோய்க்குக் காரணமா, தொந்திக்கும் தூக்கமின்மைக்கும் விளைவா என்பது தீராத வழக்கு. தொப்பைக் கொழுப்பில் இருக்கும் அரோமட்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டெரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. 2011-இல் சிகாகோவில் பத்து இளைஞர்களை ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவைத்ததில் பகல்நேர டெஸ்டோஸ்டெரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கியது. வருடக்கணக்கில் நாலரை மணி தூங்கும் ஆம்னி பஸ் ஓட்டுநரின் ரிப்போர்ட்டை இந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும்.

எல்லோருக்கும் இந்தச் சோதனை தேவையில்லை. ஆசை குறைந்தது, விடியற்காலை விறைப்பு நின்றது, மீசை தாடி வளர்வது மட்டுப்பட்டது போன்றவை இருந்தால் எடுக்கலாம். மனைவி எதிரில் இதற்கு எந்த ஆணும் பதில் சொல்லமாட்டார், மனைவியை மருந்துச் சீட்டோடு பார்மசிக்கு அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும். ரத்தம் காலை ஏழிலிருந்து பத்துக்குள், வெறும் வயிற்றில், இரண்டு தனித்தனி நாள்களில். தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் மாறி பதினொன்றரைக்கு வந்து, வழியில் பொங்கல் வடை சாப்பிட்டுவிட்டுக் கொடுத்த ரத்தத்தில் அளவு குறைவாகத்தான் காட்டும். இரவு வேலை முடிந்து தூங்காமல் நேராக வந்தவரின் ரத்தமும் அப்படியே. அந்த ஒரு காகிதத்தை வைத்து 'நரம்புத் தளர்ச்சி' ஊசி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து ஏற்றும் டெஸ்டோஸ்டெரோன் விந்தணு உற்பத்தியை நிறுத்தும், ரத்தத்தைக் கெட்டியாக்கும், கவனிக்காத மூச்சடைப்பை மோசமாக்கும். படைக்கு மருந்தாக அதற்கு இடமில்லை.

பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் இன்னொன்று. தோல் செல்களைப் பெருகத் தூண்டும் தன்மை அதற்கு உண்டு. சொரியாசிஸில் அதன் அளவு கூடியதாகச் சில ஆய்வுகளும், இல்லை என்று சிலவும் உள்ளன. சோதனைக்கு அனுப்புமுன் நோயாளியின் மஞ்சள் பையைக் கொட்டிப் பார்ப்பது மேல். வாயுத் தொல்லைக்கென்று பேன்டப்ரசோலோடு லெவோசல்பிரைடு சேர்ந்த கேப்சூலை மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் அனேகம். லெவோசல்பிரைடும் டோம்பெரிடோனும் புரோலாக்டினை ஏற்றுபவை, மார்பு பெருத்து ஆசை குறைய இதுவே போதும். அதே பையில் பிரஷருக்கு அட்டினலாலோ புரோப்ரனலாலோ, மனநல மருந்தாக லித்தியமோ இருந்தால் படைக்கும் விடை கிடைத்துவிடலாம். ஆனால் நாமாக நிறுத்தக் கூடாது, எழுதிய மருத்துவருக்கு ஒரு சீட்டு அனுப்ப வேண்டும்.

தை பிறந்தால் பழனிப் பாதயாத்திரை. வெறுங்காலில், பெரும்பாலும் இரவு நடை, கழுத்தில் மாலை உரசல். தோலில் காயமோ உரசலோ பட்ட இடத்தில் பத்து இருபது நாளில் புதுப் படை கிளம்புவது இந்த நோயின் குணம். போகாதீர்கள் என்றால் கேட்கப் போவதில்லை. கார்த்திகை முடியுமுன் ஒரு தடவை வரச் சொல்லி, எடை, கழுத்து, இடுப்பு அளந்து வைத்து, உள்ளங்கால் படையைத் தணித்துவிட்டு, பகலில் தங்கும் இடத்தில் முழுசாக ஆறு மணி நேரம் படுக்கச் சொல்லலாம். காலுக்கு வாசலின், மாலைக்கு அடியில் பருத்தித் துண்டு. மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவராக இருந்தால், வாரத்தில் எந்தக் கிழமை என்பதைச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி, கூட நடக்கிறவருக்கும் சொல்லி அனுப்ப வேண்டும். யாத்திரையில் கிழமை மறந்து தினமும் ஒன்றாகப் போட்டுவிட்டால் வாய்ப்புண்ணில் ஆரம்பித்து உயிருக்கே வந்துவிடும்.