அஞ்சுநாட்டில் அஞ்சு நாள்

பிப்ரவரி 9, வெள்ளி

கேரளத்தில் மூணாறு பக்கம் இருக்கிற அஞ்சுநாட்டுக்குப் போக உடுமலையில் காலை பஸ் பிடித்தேன். சின்னாறு காடு சருகாய்க் காய்ந்து கிடந்தது. மறையூர் நெருங்கியதும் கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பு. கேரளத்தில் கிழக்கே ஓடுகிற ஆறுகள் மூன்றுதான். அதில் ஒன்றான பாம்பாறு இந்தப் பள்ளத்தாக்கு வழியாக அமராவதிக்குப் போகிறது. எங்கள் குமரலிங்கம் வயலுக்குப் பாய்கிற தண்ணீர் வரும் வழியை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

பிப்ரவரி 10, சனி

மறையூர், காரையூர், கீழாந்தூர், காந்தளூர், கொட்டகுடி. இந்த ஐந்து ஊரும் சேர்ந்ததுதான் அஞ்சுநாடு. மதுரைப் பக்கம் குழப்பம் வந்த காலத்தில் குடும்பத்தோடு மலையேறி வந்து மறைந்து வாழ்ந்தவர்களின் ஊர் என்கிறார்கள். எந்த ராஜா காலம் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் எல்லாருக்கும் ஒரே பேச்சு: வந்தவர்கள் பல சாதி, இனி ஒன்றாய்ப் பிழைப்போம் என்று பாலைத் தொட்டுச் சத்தியம் செய்தார்களாம். மலைமேல் இருக்கிற முதுவர் பழங்குடிகளும் மதுரையிலிருந்து பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு வந்த கதையைத்தான் சொல்கிறார்கள்.

சாயங்காலம் மாமா காந்தளூர் சரிவுக்குக் கூட்டிப்போனார். படிப்படியாக வயல். ஒவ்வொரு படிக்கும் கல்லடுக்கு. சாந்து கிடையாது, பெரிய கல்லின் இடுக்கில் சின்னக் கல்லைச் செருகியிருக்கிறார்கள். "இதெல்லாம் யார் கட்டினது மாமா?" என்றேன். "எல்லாரும்தான்யா" என்றார். அந்தச் சுவரில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

கோவில்கடவு தென்காசிநாதர் கோயிலுக்குப் போனோம். பக்கத்துப் பாறையில் முனியறைகள் என்கிற பழங்கால ஈமக் கல்லறைகள்: நாலு பக்கமும் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல். ஆக, மதுரைக்காரர்கள் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னாலேயே இங்கே மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். முதலில் வந்தவர் யார் என்று இனி நான் யாரோடும் வாதாட மாட்டேன்.

1877இல் பூஞ்சாறு ராஜா இந்த மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்கிற வெள்ளைக்காரருக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு மேலே தேயிலை வந்தது. வெள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டிய அஞ்சுநாட்டுப் பெரியவர் கண்ணன் தேவன் பெயரில்தான் அந்த மலை அழைக்கப்படுகிறது என்பது இங்கே வழிவழியாகச் சொல்லும் செய்தி. தேயிலைப் பொட்டலத்தில் எத்தனை வருடமாகப் படித்த பெயர்! கீழே கல்லடுக்கிய ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாதது எனக்கு ஆற்றவில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

மழை. வெளியே போகவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

கரும்பாலை. முன்பு நெல் விளைந்த வயல்களில் இப்போது நிறையக் கரும்புதான். கொப்பரையில் சாறு கொதிக்கிறது, அடியில் காய்ந்த சக்கை எரிகிறது. பாகு முற்றியதும் மரத்தொட்டியில் கொட்டிக் கிளறினார்கள். சூடு முழுக்க ஆறும் முன்பே கையால் உருட்டியாக வேண்டும். எனக்கும் ஒரு பிடி கொடுத்தார்கள், உள்ளங்கை காந்திவிட்டது. பக்கத்தில் உருட்டிய அக்கா நிமிரக்கூட இல்லை. இந்த மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அம்மாவுக்கு இரண்டு கிலோ வாங்கினேன். ஒவ்வொரு உண்டையிலும் விரல் தடம் அப்படியே பதிந்திருக்கிறது.