விழுந்த போனில் ஃபேஸ் ஐடி போய்விட்டதா? திரையை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

மெட்ரோ படிக்கட்டிலோ பைக் ஹோல்டரிலிருந்தோ விழுந்த ஐபோனில் உடைந்த கண்ணாடிதான் முதலில் கண்ணில் படும். முகத்தைக் காட்டிப் போனைத் திறக்கும் ஃபேஸ் ஐடி போனது சாவகாசமாகத்தான் தெரியவரும். இரண்டும் ஒரே கோளாறு என்று நினைத்து, நேராகப் பெங்களூரின் எஸ்.பி. ரோடுக்கோ நேஷனல் மார்க்கெட்டுக்கோ போய் "டிஸ்ப்ளே மாத்திக் குடுங்க" என்று போனை நீட்டிவிடுகிறார்கள். சரியாகியிருக்கக்கூடிய ஃபேஸ் ஐடி பல போன்களில் நிரந்தரமாகப் போவது அந்த மேஜையில்தான். காரணத்தைப் பிறகு சொல்கிறோம். வீட்டிலேயே பார்க்க வேண்டியவை முதலில்.

டெம்பர்டு கிளாஸை உரித்து எடுத்துவிடுங்கள். விழுந்த வேகத்தில் அது லேசாக நகர்ந்து, அதன் கறுப்புக் கரை சென்சார் மேல் ஏறியிருக்கலாம். மேல் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் இருக்கலாம். பிரைவசி கிளாஸ் என்றால் சந்தேகமே வேண்டாம், கழற்றியே பாருங்கள். உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் திரையின் மேல்பகுதியைத் துடைத்துவிட்டு, போனை அணைத்து மறுபடி போடுங்கள். ஆன் ஆனதும் முதல் தடவை பாஸ்கோட் கேட்பது இயல்பு. ஐந்து முறை முகம் பொருந்தாமல் போனாலும் பாஸ்கோட் கேட்கும். அதனால் திரும்பத் திரும்ப முகத்தைக் காட்டிக்கொண்டிருக்காமல், ஒருமுறை பாஸ்கோட் போட்டுத் திறந்து, பூட்டி, 25 முதல் 50 செ.மீ. தூரத்தில் நேராகப் பிடித்துச் சோதியுங்கள்.

பலர் செய்யும் அவசரம் ஒன்று உண்டு. செட்டிங்ஸில் ஃபேஸ் ஐடி அண்ட் பாஸ்கோட் போய் உடனே "ரீசெட் ஃபேஸ் ஐடி" அழுத்திவிடுவார்கள். சென்சார் அரைகுறையாக வேலை செய்யும் போனில், ஏற்கெனவே பதிந்த முகம் அவ்வப்போதாவது திறக்கும். புதிதாகப் பதிவதற்கு அதைவிடத் துல்லியம் வேண்டும். ரீசெட் செய்த பிறகு பதிவே ஆகாமல் போனால் இருந்ததும் போய்விடும். அதனால் அதே பக்கத்தில் "செட் அப் ஆன் ஆல்டர்நேட் அப்பியரன்ஸ்" கொடுத்துப் பாருங்கள். அது முழுமையாகப் பதிவானால் சென்சார்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அதன் பிறகு ரீசெட் செய்யலாம்.

பதிவாகாமல் வரும் செய்தியை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். போனை எப்படிப் பிடித்தாலும் "மூவ் ஐபோன் லோயர்", "ஹையர்" என்று மாறி மாறி வந்தால், முகத்தின் ஆழத்தை அதனால் அளக்க முடியவில்லை. "ஃபேஸ் ஐடி இஸ் நாட் அவெய்லபிள்" என்றால், ஏதோ ஒரு பாகம் பதில் சொல்லவில்லை அல்லது தளர்ந்த கனெக்டர். "ட்ரூடெப்த் கேமரா"வில் (ஃபேஸ் ஐடிக்கான முன் கேமரா, சென்சார் தொகுதி) பிரச்சினை என்று வந்தால் போன் தானே வன்பொருள் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டது. அதற்கு மேல் மென்பொருளில் நோண்டுவது வீண்.

2017-இல் ஐபோன் எக்ஸோடு வந்த இந்த அமைப்பில் மூன்று பேர் சேர்ந்து வேலை செய்கிறார்கள். ஃப்ளட் இல்லுமினேட்டர் முகம் முழுக்க அகச்சிவப்பு ஒளியைப் பரப்புகிறது. டாட் புரொஜெக்டர் 30,000-க்கும் மேற்பட்ட புள்ளிகளை முகத்தில் தெளிக்கிறது. இன்ஃப்ராரெட் கேமரா அந்தப் புள்ளிகள் எங்கே விழுந்தன என்று படிக்கிறது. புரொஜெக்டருக்கும் கேமராவுக்கும் நடுவில் உள்ள தூரத்தையும் கோணத்தையும் வைத்துத்தான் ஆழக் கணக்கு ஓடுகிறது. அதனால்தான் இரண்டையும் ஒரே உலோகச் சட்டத்தில் இறுக்கி வைத்திருக்கிறார்கள். போன் மேல் மூலை தரையில் பட விழுந்து அந்தச் சட்டம் துளி வளைந்தாலும் கணக்கு தப்பும், பாகங்கள் எல்லாம் நன்றாக இருந்தாலும்கூட. டாட் புரொஜெக்டரின் கண்ணாடி விரிசல் விட்டால், கண்ணுக்குப் பாதுகாப்பாக லேசரே நின்றுவிடும். சாதாரண செல்ஃபி கேமரா தனி. செல்ஃபி பளிச்சென்று வருவதால் ஃபேஸ் ஐடி பாகங்கள் நலம் என்று முடிவு கட்டாதீர்கள்.

அகச்சிவப்பு ஒளி வருகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். இன்னொரு போனின் முன் கேமராவை எடுத்து, அதன் முன் டி.வி. ரிமோட்டை நீட்டிப் பட்டனை அழுத்துங்கள். முனையில் ஊதா நிறத்தில் மின்னினால் அந்தக் கேமராவுக்கு இந்த ஒளி தெரியும். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, விழுந்த போனின் லாக் ஸ்க்ரீனைத் தட்டி, அதன் மேல்பகுதியை அதே கேமராவால் பாருங்கள். விட்டுவிட்டு ஊதா ஒளி துடித்தால் ஒளி கொடுக்கும் பக்கம் அடியோடு சாகவில்லை என்று அர்த்தம். துடிப்பே இல்லையென்றால் ஃப்ளட் இல்லுமினேட்டரையும் அதன் கேபிளையும் சந்தேகப்படலாம்.

இனி கடை விஷயம். இந்தப் பாகங்கள் அந்தந்த போனின் மதர்போர்டோடு தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்க்கப்பட்டவை. வேறு போனிலிருந்து கழற்றிய அசல் பாகத்தை அப்படியே போட்டாலும் ஏற்காது. ஐபோன் எக்ஸ் முதல் 12 வரிசை வரை ஃப்ளட் இல்லுமினேட்டர் திரையின் பின்பக்கம், இயர்பீஸ் ஸ்பீக்கரோடு வரும் மெல்லிய ஃப்ளெக்ஸ் கேபிளில் ஒட்டியிருக்கிறது. புதுத் திரை போடும்போது பழைய திரையிலிருந்து இதைச் சூடு காட்டி, பசையை இளக்கி, கிழியாமல் எடுத்து மாட்ட வேண்டும். அவசரத்தில் கிழிந்தாலும், புதுத் திரையோடு வந்த ஃப்ளெக்ஸையே விட்டுவிட்டாலும் ஃபேஸ் ஐடி போச்சு. பழைய திரை குப்பைக்குப் போனால் மீட்கவும் வழியில்லை. ஆகவே போனைக் கொடுக்கும்போதே "பழைய டிஸ்ப்ளே திரும்ப வேணும்" என்று சொல்லிவிடுங்கள். தமிழ் தெரியாத கடையென்றால் கன்னடத்தில் "ஹளே டிஸ்ப்ளே வாபஸ் கொடி". பேட்டரி கனெக்டரைக் கழற்றாமல் சென்சார் கேபிளில் கை வைக்கும் ஆளிடம் போனை விடவே கூடாது. 13-இல் ஃப்ளட் இல்லுமினேட்டர் திரையை விட்டு உடல் பக்கம் போய்விட்டதால் இந்த ஆபத்து குறைவு. 13-இல் வெளியே திரை மாற்றினால் ஃபேஸ் ஐடி அணைந்துபோகும் தொல்லை ஆரம்பத்தில் இருந்தது. 2021 டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 15.2-இல் அது தீர்ந்தது. பழைய மென்பொருளிலேயே ஓடும் போன் என்றால் முதலில் அப்டேட் செய்யுங்கள்.

டாட் புரொஜெக்டர் செத்திருந்தால், அதன் தகவலைப் புரோகிராமர் என்ற கருவியில் படித்துப் புது ஃப்ளெக்ஸில் எழுதி மாட்டுகிறவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே செய்கிற நுணுக்கமான வேலை அது. சட்டம் வளைந்த போனுக்கு அது உதவாது, அதைத் தெளிவாகக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஆப்பிளின் அங்கீகார சர்வீஸ் சென்டர்களில் 2022-இலிருந்து, எக்ஸ்எஸ்-இல் தொடங்கி அடுத்த மாடல்களுக்கு ட்ரூடெப்த் பகுதியை மட்டும் மாற்ற வழி வந்தது. விழுந்த சேதம் சாதாரண வாரண்டியில் வராது. ஆப்பிளிடம் தனியாகப் பணம் கட்டி எடுக்கும் ஆப்பிள்கேர் பிளஸ் காப்புத் திட்டம் இருந்தால் சர்வீஸ் கட்டணத்தோடு முடியும். சட்டம் வளைந்ததாகத் தோன்றினால் எங்கள் சிபாரிசு இந்த வழிதான்.

விழுந்த இடத்தில் தண்ணீரும் இருந்தால், விரிசல் வழியாக ஈரம் உள்ளே போயிருக்கும். சார்ஜ் போடாமல் அணைத்து வைத்து, அன்றே பிரித்துக் காயவைக்கக் கொடுங்கள். அரிசியில் புதைப்பதால் துகள்தான் உள்ளே போகும்.

கிளம்பும் முன் "ஸ்டோலன் டிவைஸ் ப்ரொடெக்‌ஷன்" ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐஓஎஸ் 17.3-இல் வந்தது. இது ஆனில் இருந்தால், வீடு, ஆபீஸ் போன்ற பழகிய இடங்களுக்கு வெளியே ஃபைண்ட் மை-யை (தொலைந்த போனைத் தேடும் வசதி) அணைக்க பாஸ்கோட் செல்லாது, முகம்தான் கேட்கும். முகம் வேலை செய்யாத போனோடு சர்வீஸ் கவுன்டரில் நின்று திண்டாடாமல், வீட்டில் இருக்கும்போதே இதை அணைத்துவிட்டு, பேக்கப்பும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டில் விஷயம் சுலபம். பெரும்பாலான மாடல்கள் செல்ஃபி கேமராவின் படத்தை வைத்தே முகத்தை அடையாளம் காண்கின்றன. கேமரா ஆப்பில் செல்ஃபி மங்கலாக வந்தால் அதன் மேல் கண்ணாடியையோ லென்ஸையோ பாருங்கள், கறுப்பாக வந்தால் கேபிளைப் பாருங்கள். சாம்சங்கில் டயல் பேடில் *#0*# போட்டால் வரும் சோதனை மெனுவிலும் முன் கேமராவைத் தனியாகப் பார்க்கலாம். இருட்டில் மட்டும் திறக்கவில்லை என்றால் அது விழுந்ததால் வந்ததல்ல. கேமரா மாட்யூலை மாற்ற வேண்டி வந்தாலும், பழைய முகப் பதிவை அழித்து நல்ல வெளிச்சத்தில் புதிதாகப் பதிந்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது.