தோமையார் வழியில் ஒரு நாள்: சின்னமலை, பரங்கிமலை, சாந்தோம்

உயிர்த்தெழுந்த இயேசுவின் ஆணித் தழும்பில் விரலையும் விலாவில் கையையும் இட்டுப் பார்த்தாலொழிய நம்பமாட்டேன் என்றவர் அவருடைய சீடர் தோமா என்னும் தோமையார். எட்டு நாள் கழித்து ஆண்டவர் அவர்முன் நின்று, "இதோ! என் கைகள். இங்கே உன் விரலை இடு" என்றார். கேட்டதற்காக அவரைத் தள்ளிவிடவில்லை. அப்படித் தொட்டறியக் கேட்ட திருத்தூதரின் கல்லறை நம் சென்னையில் இருக்கிறது. திருப்பண்டம் (புனிதரின் உடற்பகுதி அல்லது அவரோடு தொடர்புள்ள பொருள்) என்றால் என்ன, அதை எவ்வளவு நம்பலாம், எப்படி வணங்கலாம் என்று அறிய விரும்புகிறவர்கள் ஒரு நாளை ஒதுக்கி இந்த மூன்று இடங்களையும் பார்க்கலாம்.

முதலில் சின்னமலை, அடுத்து பரங்கிமலை, கடைசியில் சாந்தோம் என்று போவதே நல்லது. ஒளிந்து வாழ்ந்த இடம், ஈட்டியால் குத்துண்ட இடம், அடக்கம் செய்யப்பட்ட இடம் என்று மரபு சொல்லும் வரிசை அது. வெயில் ஏறுமுன் மலையை முடித்துவிடவும் முடியும். முதல் இரண்டு இடங்களுக்கும் மெட்ரோ உண்டு. பரங்கிமலைக்கு மின்சார ரயிலும் நிற்கும். அங்கிருந்து சாந்தோமுக்குப் பேருந்தோ ஆட்டோவோ பிடிக்கலாம்.

சின்னமலையில் பார்க்க வேண்டியது குகை. போர்த்துகீசியர் 1551இல் கட்டிய பழைய ஆலயம் அதை ஒட்டியே இருக்கிறது. குனிந்துதான் நுழைய வேண்டும்; முழங்கால் வலி உள்ளவர்கள் வாசலிலேயே நின்று செபிக்கலாம். பாறையில் பதிந்திருப்பது தோமையாரின் கைத்தடம் என்றும், சிறு திறப்பு அவர் தப்பிய வழி என்றும் சொல்வார்கள். இங்கே கல்வெட்டோ பழைய ஏடோ துணைக்கு இல்லை. தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்த நம்பிக்கை மட்டுமே இருக்கிறது. அது தெரிந்தே அந்தத் தடத்தில் உள்ளங்கையை வைப்பதில் தவறு ஒன்றும் இல்லை.

பரங்கிமலை வேறு மாதிரி. இங்கே கல்லே பேசுகிறது. மேலே போகச் சாலையும் உண்டு, படிகளும் உண்டு. படிகளை 18ஆம் நூற்றாண்டில் அமைத்தவர் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்டியவரும் அவரே. ஏறும்போது, இயேசுவின் பாடுகளை நினைவூட்டும் சிலுவைப்பாதைத் தலங்களில் நின்று நின்று போனால் மூச்சும் வாங்காது.

உச்சி ஆலயத்தில் பீடத்துக்குப் பின்னால் பதித்திருக்கும் கற்சிலுவைதான் பார்க்க வேண்டியது. 1547இல் மண்ணைத் தோண்டியபோது கிடைத்தது. நான்கு முனையும் மொட்டுப்போல் விரிந்த சிலுவை, அதன் மேல் இறங்கி வரும் புறா, சுற்றிலும் வளைவாக ஓடும் ஒரு வரி எழுத்து. 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலி (பூசை) நேரத்தில் அதில் இரத்தம் கசிந்ததாகவும், 1704 வரை பலமுறை அப்படி நிகழ்ந்ததாகவும் பதிவுகள் உண்டு. திருப்பலி நடக்கும்போது அருகில் போக முடியாது. முடிந்த பிறகு அனுமதி கேட்டு நெருங்கிப் பாருங்கள். தூரத்திலிருந்து அந்த எழுத்து கண்ணில் படவே படாது.

அந்த எழுத்துதான் முக்கியம். அது பகலவி (பஹ்லவி), பழைய பாரசீகத்தின் எழுத்து; அங்கிருந்த கிறிஸ்தவர்களும் அதைப் பயன்படுத்தினார்கள். தோமையாரே செதுக்கிய சிலுவை என்று பலர் சொல்வார்கள். எழுத்தின் அமைப்பை ஆராய்ந்தவர்கள் கி.பி. 7, 8ஆம் நூற்றாண்டை ஒட்டியதாகக் கணிக்கிறார்கள். தோமையார் உயிர்நீத்ததாக மரபு சொல்வது கி.பி. 72. ஆகவே இது அவர் கைவேலை அல்ல. ஆனாலும் போர்த்துகீசியர் வருவதற்கு எத்தனையோ நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலையில் கிறிஸ்தவர்கள் மண்டியிட்டார்கள் என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேண்டுமா? கல் சொல்வதை மட்டும் சொன்னாலே அதற்குரிய மதிப்பு கிடைத்துவிடும்.

சாந்தோமில் பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. 1896இல் அர்ச்சிக்கப்பட்ட வெண்ணிறப் பேராலயத்துக்குள் போய், நடுப்பீடத்தில் செபித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கல்லறை தரைக்குக் கீழே இருக்கிறது. அதற்கு வழி ஆலயத்தின் பின்புறம், தனி வாசல். 'கல்லறைச் சிற்றாலயம் எங்கே' என்று கேட்டால் காட்டுவார்கள். கீழே இறங்குமுன் கைப்பேசியை அணைத்துவிடுங்கள். அமைதிதான் அங்கே முதல் ஒழுங்கு.

இங்கே போற்றப்படுபவை ஒரு சிறு எலும்புத் துணுக்கும் ஈட்டி முனையும். 'முழு உடல் எங்கே?' என்று கேட்பவர்களுக்கு மரபு சொல்லும் பதில்: எலும்புகள் பழங்காலத்திலேயே இன்றைய துருக்கியில் உள்ள எதெஸ்ஸாவுக்குக் கொண்டுபோகப்பட்டன, அங்கிருந்து கிரேக்கத்தின் கியோஸ் தீவுக்கும், 1258இல் இத்தாலியின் ஒர்த்தோனாவுக்கும் போயின. ஜூலை 3இல் நாம் திருவிழா கொண்டாடுவதே எதெஸ்ஸாவுக்கு மாற்றிய நாளின் நினைவாகத்தான். உடல் போன பிறகும் இந்த மண்ணை மக்கள் விடவில்லை. கல்லறை இடத்துச் செம்மண்ணை நீரில் கரைத்துக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்தார்கள் என்று 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். அதை நினைத்து இன்று சுவரையோ தரையையோ சுரண்ட வேண்டாம். கைக்குட்டையையோ செபமாலையையோ கல்லறைமேல் வைத்து எடுத்தால் போதும்.

அப்படித் தொட்டு எடுத்தது மூன்றாம் வகைத் திருப்பண்டம் ஆகும். புனிதரின் உடற்பகுதி முதல் வகை. அவர் பயன்படுத்திய பொருள் இரண்டாம் வகை. எங்கள் பங்கு ஆலயத்துக்கும் ஒரு திருப்பண்டம் வேண்டும் என்று தேடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். முதல் வகைத் துணுக்கு பொதுவாகக் கண்ணாடி முகப்பு உள்ள சிறிய உலோகச் சிமிழில் வரும். சிமிழின் பின்பக்கம் பட்டு நூல் கட்டி, அரக்கு முத்திரை இட்டிருக்கும். அதே முத்திரையுள்ள சான்றிதழ் கூடவே வர வேண்டும். நூல் அறுந்தாலோ அரக்கு உடைந்தாலோ உள்ளே இருப்பது இன்னார் எலும்பு என்று உறுதி சொல்ல வழியில்லை. பொதுவணக்கத்துக்கு வைக்கவும் கூடாது. சுத்தம் செய்கிறேன் என்று சிமிழைத் திறந்து கெடுத்துவிடுபவர்கள் உண்டு. வெளியே உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். இணையத்தில் விலைக்கு வருவதை வாங்காதீர்கள். திருப்பண்டத்தை விற்பதைத் திருச்சபைச் சட்டத்தின் 1190ஆம் பிரிவு அடியோடு தடுக்கிறது. சிமிழுக்கோ பேழைக்கோ ஆகும் செலவைக் கொடுக்கலாம். எலும்புக்கு விலை கிடையாது.

எலும்பை வணங்குவது சிலை வழிபாடு ஆகாதா என்று வீட்டிலேயே கேட்பவர்கள் இருப்பார்கள். ஆராதனை கடவுளுக்கு மட்டுமே. இந்த உடல் தூய ஆவியின் கோவிலாக இருந்தது, கடைசி நாளில் உயிர்த்தெழப் போகிறது என்பதால்தான் புனிதரின் எலும்புக்கு மரியாதை. ஆண்டவரின் எலும்பு எந்தப் பேழையிலும் இல்லை. அவருக்கு வெறுமையான கல்லறைதான். "காணாமலே நம்புவோர் பேறுபெற்றோர்" என்று அவர் தோமாவிடம் சொன்னதைக் கல்லறை முன் ஒருமுறை வாசித்து, "நீரே என் ஆண்டவர்! நீரே என் கடவுள்!!" என்ற தோமாவின் சொற்களையே செபமாகச் சொல்லிவிட்டு மேலே ஏறுங்கள்.

தொட்டு எடுத்த கைக்குட்டையை நோயாளியின் தலைமாட்டில் வைக்கலாம், கையில் கொடுக்கலாம். பிற்பாடு நைந்துபோனால் குப்பையில் போடக்கூடாது. எரித்துச் சாம்பலை யார் காலும் படாத மண்ணில் புதைத்துவிடுங்கள்.