நீராற்பகுப்பு தெரியும், ஹைட்ரோலிசிஸ் தெரியாது

பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தேன். முதல் வாரமே ஹைட்ரோலிசிஸ் என்ற சொல் மிரட்டியது. அகராதியைப் புரட்டினால், அட, நம்ம நீராற்பகுப்பு! கிரேக்கத்தில் ஹைட்ரோ நீர், லிசிஸ் பிரிப்பு. ஃபோட்டோசிந்தசிஸும் அப்படித்தான்: ஃபோட்டோ ஒளி, சிந்தசிஸ் சேர்க்கை. தமிழ் வழியில் படித்தவர்களுக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். அதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

கலைச்சொற்களைவிட என்னை அதிகம் படுத்தியவை சின்னச் சொற்கள். வாயுவின் அழுத்தத்தையும் கன அளவையும் பற்றிய பாயில் விதியில் 'ப்ரொவைடட் த டெம்பரேச்சர் இஸ் கான்ஸ்டன்ட்' என்று வரும். ப்ரொவைடட் என்றால் 'வழங்கப்பட்டது' என்று மனப்பாடம் செய்திருந்தேன். யாரோ வெப்பநிலையைக் கொடுக்கிறார்கள் என்று நினைத்து ஒரு கணக்கு முழுதும் தப்பாகப் போனது. அங்கே அந்த வரிக்குப் பொருள் 'வெப்பநிலை மாறாமல் இருந்தால் மட்டும்'. சொல்லைத் தனியாகப் படிக்காமல் வாக்கியத்தோடு எழுதிவைக்கும் பழக்கம் அன்றைக்குத்தான் வந்தது.

இப்போது நானே முதலாண்டுக்குப் பாடம் எடுக்கிறேன். சொல்லை உடைத்துப் பார்த்த பிறகுதான் அகராதி. நேற்று ஐசோபாரிக் என்று பலகையில் எழுதியதும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "ஐசோன்னா சமம். இது பாரோமீட்டர்ல வர்ற பார்தானே மிஸ்? அப்போ அழுத்தம் மாறாததா?"