முப்பதுக்கு இருபத்தேழு

ஜனவரி 20
வீடு விற்க நான் கையெழுத்துப் போட வேண்டிய பத்திரம் வந்துவிட்டது. நாலு பக்கம். காப்பிப்பொடி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 21
எட்டாம் வகுப்புக்கு அமெரிக்க அரசியலமைப்பு ஒப்புதல் பாடம் இன்று ஆரம்பம். பாடப்புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம்தான். 1787 செப்டம்பர் 17 அன்று பிலடெல்பியாவில் கையெழுத்துப் போட்டார்கள், பதின்மூன்றில் ஒன்பது மாநிலம் ஒத்துக்கொண்டால் போதும் என்றார்கள், ஒத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். எங்கள் நியூஜெர்சி கதையும் அப்படித்தான் இருக்கிறது. ட்ரென்டனில் கூடி ஓட்டுப் போட்டார்கள், 38க்கு 0. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் சண்டை நடந்ததே தெரியாததில் ஆச்சரியமில்லை.

போர்டில் மூன்று வரி எழுதினேன். மாசசூசெட்ஸ் 187–168. வர்ஜீனியா 89–79. நியூயார்க் 30–27. பாஸ்கெட்பால் ஸ்கோரா என்று ஒருவன் கேட்டான்.

ஜனவரி 22
அண்ணன் போன். எடுக்கவில்லை.

ஜனவரி 26
தேதியைப் பார்த்துவிட்டு ஒரு குஜராத்திப் பையன், இந்தியாவிலும் இப்படி மாநிலம் மாநிலமாக ஓட்டுப் போட்டார்களா என்றான். இல்லை. அங்கே அரசியல் நிர்ணய சபை கிட்டத்தட்ட மூன்று வருடம் உட்கார்ந்து பேசியது, 1949 நவம்பர் 26 அன்று தானே ஏற்றுக்கொண்டது. இங்கே நாலு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு எழுதிவிட்டு, அப்புறம் ஊர் ஊராகச் சண்டை போட்டார்கள். எது நல்லது என்றான். மணி அடித்துக் காப்பாற்றியது.

ஜனவரி 27
விவாதத்துக்கு அணி பிரித்தேன். எல்லோருக்கும் அரசியலமைப்பை ஆதரித்த ஹாமில்டன் ஆக வேண்டும். எதிர்த்தரப்புக்கு ஆளே இல்லை, கடைசியில் சீட்டுக் குலுக்கினேன். இந்தப் பாடத்தில் எனக்கு எப்போதும் உறுத்துவது இதுதான். தோற்றவர்கள் என்பதாலேயே அவர்கள் மக்குகள் போலத் தெரிகிறார்கள். பெயரிலேயே ஏமாற்று வேலை வேறு. மாநிலங்களின் கூட்டுதான் வேண்டும் என்றவர்கள் இவர்கள், ஆனால் 'கூட்டாட்சியினர்' என்ற பெயரை அந்தப் பக்கம் பிடுங்கிக்கொண்டது. இவர்களுக்கு மிஞ்சியது 'எதிர்ப்பாளர்' பட்டம்.

ஏமஸ் சிங்கிள்டரி பேசியதை வாசித்துக் காட்டினேன். மாசசூசெட்ஸ் கிராமத்து ஆள். வக்கீல்களும் படித்தவர்களும் பணக்காரர்களும் வழவழவென்று பேசுகிறார்கள், நம் மாதிரிச் சின்ன ஆட்களை விழுங்கிவிடுவார்கள் என்று பயந்தவர். கடைசி வரிசைப் பெண், செப்டம்பரிலிருந்து வாயே திறக்காதவள், நிமிர்ந்து பார்த்தாள்.

பிப்ரவரி 1
ஞாயிறு. போனை எடுத்தேன்.

"முதல்ல கையெழுத்துப் போட்டு அனுப்பு பாப்பா. நீ சொல்ற பாயின்ட்டெல்லாம் அப்புறம் தனியா எழுதிக்கலாம். என்மேல நம்பிக்கை இல்லையா?"

நான் சொல்கிற பாயின்ட் ஒன்றே ஒன்றுதான். வீடு விற்ற பணத்தில் ஒரு பங்கு அம்மா பெயரில் பாங்கில் இருக்க வேண்டும். அதற்கு நாலு பக்கத்தில் ஒரு வரி இடமில்லை. நம்பிக்கை இல்லையா என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்ல முடியும்? இல்லை என்றால் சண்டை, இருக்கிறது என்றால் கையெழுத்து. அம்மாவைக் கேட்டால், நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கோங்க என்கிறாள். கிணற்றுச் சுவரில் ஈரச் சிமெண்டில் அப்பா 1971 என்று கீறியது இன்னும் இருக்கிறதாம். சம்பந்தமில்லாமல் அதை இரண்டு தடவை சொன்னாள். அண்ணன் கெட்டவன் இல்லை. அவசரக்காரன். அண்ணி நல்லவள்தான். எல்லோரும் நல்லவர்கள்தான்.

இரவு ஒன்றரை மணிக்கு எழுந்து மூன்றாம் பக்கத்தை மறுபடி படித்தேன்.

பிப்ரவரி 3
மாசசூசெட்ஸ். மூட்டுவலி என்று வீட்டில் கிடந்த ஆளுநர் ஜான் ஹான்காக் சபைக்கு வந்து வழி சொன்னார். முதலில் ஒப்புதல், கூடவே இன்னின்ன திருத்தங்கள் வேண்டும் என்று ஒரு பரிந்துரைப் பட்டியல். 187–168. பத்துப் பேர் மாறியிருந்தால் கவிழ்ந்திருக்கும்.

கடைசி வரிசைப் பெண் கை தூக்கினாள். ஒப்புதல் கொடுத்த பிறகு அவர்கள் எதற்குத் திருத்த வேண்டும்?

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. பிறகு அரசியலமைப்பை எழுதியவர்களில் முக்கியமானவரான மாடிசன் கதையைச் சொன்னேன். உரிமைகளுக்குத் தனிப்பட்டியல் தேவையில்லை என்று இருந்தவர்தான். 1789இல் மன்ரோவை எதிர்த்துக் காங்கிரஸ் தேர்தலில் நிற்க வேண்டி வந்தது. தொகுதிக்காரர்களிடம் திருத்தம் கொண்டுவருவேன் என்று சொல்லி ஜெயித்தார். 1791 டிசம்பர் 15 அன்று பத்துத் திருத்தங்கள் சட்டமாயின. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், சரி. ஆனால் ஓட்டுக் கேட்கப் போக வேண்டியிருந்தது.

அண்ணனுக்கு எந்தத் தேர்தலும் இல்லை.

பிப்ரவரி 4
நோட்டரி சனிக்கிழமை ஒரு மணி வரைதான்.

பிப்ரவரி 5
வகுப்பே நியூயார்க் சபை கூடிய பொகிப்சி ஊராக ஆனது. நியூயார்க்கின் 65 பிரதிநிதிகளில் 46 பேர் எதிர்ப்பாளர்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் கூடினார்கள். ஒன்பதாவதாக நியூஹாம்ப்ஷயர் சேர்ந்த செய்தி குதிரையில் வந்தது. ஜூன் 25இல் வர்ஜீனியா ஒத்துக்கொண்டது ஜூலை 2 அன்றுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு கேள்வியே மாறிவிட்டது. நல்லதா கெட்டதா என்ற பேச்சு போய், வெளியே நிற்க முடியுமா என்பதில் வந்து நின்றது. எதிரணியின் மெலங்டன் ஸ்மித்தே மனம் மாறினார். 30–27.

நடுவில் ஒரு பையன், அடிமைகளாக இருந்தவர்கள் சார்பில் அறையில் யார் இருந்தார்கள் என்றான். யாரும் இல்லை. ஐந்து பேரை மூன்றாக எண்ணினார்கள், அந்த எண்ணிக்கையால் இடம் கிடைத்தது எஜமானர்களுக்கு. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஸ்மித்தாக நடித்தவள் கடைசி வரிசைப் பெண். அவர் மாறினார், நான் மாறமாட்டேன் என்றாள். ஓட்டு 14–12, ஒப்புதல் தோற்றது. ஹாமில்டன் மேஜையைக் குத்தினான். நான் பாடத்திட்டப்படி அதைத் திருத்தியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 7
நோட்டரி இருக்கும் கடைவரை போனேன். காரிலேயே நாற்பது நிமிடம். மூடிவிட்டார்கள். "ரோட் ஐலண்டே" என்கிறார் வீட்டுக்காரர். அவர்கள் 1790 மே வரை இழுத்தடித்து 34–32இல் வந்தவர்கள். வணிகத்தைத் துண்டித்துவிடுவோம் என்று மிரட்டித்தான் வரவைத்தார்கள் என்றேன். தெரியும், நாலு நாளாச் சொல்றே என்றார்.

பிப்ரவரி 10
வாங்குகிறவர் வேறு வீடு பார்க்கிறாராம். புதன்வரை டைமாம்.

மூன்றாம் பக்க ஓரத்தில் பேனாவால் அந்த ஒரு வரியை எழுதி, போட்டோ எடுத்து அனுப்பினேன். கையெழுத்து இன்னும் போடவில்லை.

பிப்ரவரி 11
நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இல்லை. மூன்றாம் பீரியடில் தேர்வு. ரோட் ஐலண்ட் கேள்வியை எடுத்துவிட்டேன்.